எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ஆள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி இது: "ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வரிசையாக வருகின்றன. அரசும் ஆயிரக்கணக்கான கோடி ஊக்கத்தொகை தருகிறது. அப்படியும் கம்பெனிகள் 'ஆள் நிற்பதில்லை' என்று குறை சொல்கின்றன. தொழிலாளர்களோ அடிக்கடி ரோட்டுக்கு வருகிறார்கள். நமது தொழிலாளர் சட்டம்தான் தடையா, இல்லை அரசுக் கொள்கையில் கோளாறா?"

பல வருடமாக இந்தத் துறையின் உற்பத்திப் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தொழிலாளர் சட்டத்தின் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. அரசு தரும் பணம் விற்பனையைப் பார்த்துத் தரப்படுகிறது. அந்த விற்பனைக்கு உழைத்தவர் எத்தனை மாதம் வேலையில் இருந்தார், யார் பெயரில் சம்பளம் வாங்கினார், ராத்திரி எங்கே படுத்தார் என்று அது கேட்பதே இல்லை. கேட்காத விஷயத்தை எந்தக் கம்பெனியும் தானாக முன்வந்து சரி செய்யாது.

முதலில் கொள்கை எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம். 1997ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கம்ப்யூட்டர், அதன் பாகங்கள் போன்றவற்றின் மீதான இறக்குமதி வரி 2005க்குள் பூஜ்யமானது. வெளியிலிருந்து வாங்கி விற்பது சுலபமாகிவிட்டதால் உள்நாட்டில் செய்வதற்கு யாருக்கும் பெரிய ஆசை வரவில்லை. பிறகு 2017ல் 'படிப்படியான உற்பத்தித் திட்டம்' வந்தது. சார்ஜர், பேட்டரி, அப்புறம் சர்க்யூட் போர்டு என்று ஒவ்வொன்றாக வரி ஏற்றினார்கள். முழு செல்போனுக்கான இறக்குமதி வரி அந்த வருடம் ஜூலையில் 10 சதவீதம், டிசம்பரில் 15, அடுத்த பட்ஜெட்டில் 20. 2024 ஜூலையில் மறுபடி 15 ஆக்கினார்கள்.

வரி வெளிநாட்டுப் போனைத் தடுக்கும், ஏற்றுமதிக்கு உதவாது. அதற்காகத்தான் 2020 ஏப்ரலில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம், அதாவது எல்லோரும் பி.எல்.ஐ. என்று சொல்வது, அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு சுமார் 41,000 கோடி ரூபாய். 2019-20ஆம் ஆண்டு விற்பனையை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு கூடுதலாக விற்கிறதோ அதில் 4 முதல் 6 சதவீதம் கம்பெனிக்குத் திரும்பக் கிடைக்கும். வெளிநாட்டுக் கம்பெனி என்றால் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட போன்கள்தான் கணக்கில் சேரும். நான்கு ஆண்டில் 1,000 கோடி முதலீடு செய்திருக்க வேண்டும். கூடுதல் விற்பனை முதல் ஆண்டில் 4,000 கோடியில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 25,000 கோடியைத் தொட வேண்டும். இலக்கைத் தொடாவிட்டால் அந்த வருடத்துக்குப் பணம் இல்லை. ஒப்பந்த முறையில் போன் செய்து கொடுக்கும் தொழிலில் லாபமே நூற்றுக்குச் சில ரூபாய்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த 4, 6 சதவீதத்தின் கனம் புரியும்.

திட்டம் வேலை செய்தது. அதில் சந்தேகமே வேண்டாம். தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2020-21ல் இரண்டு பில்லியன் டாலரைக்கூடத் தொடவில்லை; 2024-25ல் 14 பில்லியனைத் தாண்டியது. நாட்டின் மொத்த எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு இங்கிருந்து போகிறது. இந்தியா முழுக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. இருபது வயதுப் பெண்கள் சொந்தச் சம்பளம் வாங்க ஒரு கதவு திறந்திருக்கிறது. அதைச் சிறுமைப்படுத்திப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, கோளாறு எங்கே?

அசெம்ப்ளி லைனுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். வாசலில் செருப்பை மாற்றி, நிலைமின்சாரம் தங்காத அங்கி, தலைக்குத் தொப்பி, மணிக்கட்டில் ஒரு பட்டை, அந்தப் பட்டையின் வயர் மேசையோடு. ஒரு ஸ்டேஷனில் இருப்பவருக்கு வேலை சில விநாடிதான்: ட்ரேயிலிருந்து ஸ்க்ரூ எடுத்து, சொன்ன இடத்தில் முடுக்கி, அடுத்தவரிடம் தள்ள வேண்டும். ஷிஃப்ட் முழுக்க அதே வேலை. பல ஸ்டேஷன்களில் நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் ரிலீவர் வர வேண்டும். அவர் வேறு லைனில் மாட்டிக்கொண்டால் காத்திருக்கத்தான் வேண்டும். மணிக்கு இத்தனை என்று போர்டில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பின்தங்கினால் லைன் லீடர் வந்து நிற்பார்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும் என்பதால், ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். கை பழகித் தப்பு குறைய, பக்கத்து ஸ்டேஷனும் தெரிய, மெஷின் சத்தம் மாறினாலே சொல்கிற அளவுக்குத் தேற மாதக்கணக்கு ஆகும். ஆள் போய்க்கொண்டே இருக்கும் லைனில், தப்பாகச் செய்ததைத் திருத்தும் ரீவொர்க் மேசையில் போன் குவியும். அந்த நஷ்டம் உற்பத்திக் கணக்கில் வருகிறது. ஆள் போன கணக்கு மனிதவளத் துறையின் வேறு ஃபைலில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்தது பருவம். புது மாடல் செப்டம்பரில் கடைக்கு வரவேண்டுமென்றால் அதற்குச் சில மாதம் முன்பே லைன்கள் முழு வேகத்தில் ஓட வேண்டும். அப்போது ஆயிரக்கணக்கில் ஆள் தேவை. பருவம் முடிந்ததும் தேவையில்லை. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கக் கம்பெனிகள் நாடுவது காண்ட்ராக்டரை. காண்ட்ராக்டர் ஆள் கொண்டுவருவார், பஸ் ஏற்றுவார், ஹாஸ்டலில் தங்கவைப்பார், பருவம் முடிந்ததும் அனுப்பிவிடுவார். கம்பெனியின் நிரந்தரப் பட்டியல் சின்னதாகவே இருக்கும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 1981ல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்த 480 நாளை எட்டவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு நிர்வாகக் கலையாக வளர்ந்துவிட்டது. ட்ரெய்னி என்று ஒரு வருடம், அப்ரண்டிஸ் என்று இன்னொரு பெயர், பிறகு வேறு காண்ட்ராக்டரின் பெயரில் மறுபடி முதல் நாள். இந்தச் சட்டத்தால்தான் ஆள் எடுக்கத் தயங்குகிறோம் என்று சொல்பவர்கள், ஏய்ப்பதற்குச் செலவழிக்கும் மூளையை ஆளை நிலைக்கவைப்பதற்குச் செலவழித்திருந்தால் இன்று நிலைமை வேறாக இருந்திருக்கும்.

இந்த ஏற்பாடு எங்கே போய் முடியும் என்பதை 2020 டிசம்பரிலேயே பார்த்தோம். கர்நாடகத்தில் கோலார் அருகே நரசாபுராவில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்து கொடுத்த விஸ்ட்ரான் ஆலையில் தொழிலாளர்கள் கண்ணாடிகளை உடைத்து, வாகனங்களைக் கவிழ்த்தார்கள். சில மாதங்களுக்குள் ஆள் எண்ணிக்கை மளமளவென்று ஏற்றப்பட்ட ஆலை அது. பெரும்பாலோர் பல ஏஜென்சிகள் வழியாக வந்தவர்கள். வேலை நேரப் பதிவு ஒழுங்காக இல்லை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்குச் சம்பளம் தாமதமானது என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு விஸ்ட்ரானைக் கண்காணிப்பில் வைத்தது. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் வரவேண்டிய பணம் ஏன் குறைந்தது என்று கேட்கப் போனால், கம்பெனி காண்ட்ராக்டரைக் கை காட்டுகிறது, காண்ட்ராக்டர் கம்பெனியைக் கை காட்டுகிறார். அந்த நிலையில் ஒருவர் யாரிடம் போவார்?

அடுத்த வருடம் நம் பக்கம். 2021 டிசம்பரில் ஐபோன் செய்யும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி, 250 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூடத் தங்கியிருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. சில விடுதிகளில் தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது.

இதில் அரசுப் பக்கக் குறையைச் சொல்லியாக வேண்டும். ஆலைக்குள் நடப்பதைப் பார்க்கத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. அதன் அதிகாரிக்கு ஆலை கேட்டோடு வேலை முடிந்தது. விடுதிச் சமையலறை உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. விடுதிக்கு உரிமம் தர 2014லேயே பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அது மாவட்ட நிர்வாகத்தின் கையில். விடுதியை நடத்துபவர் காண்ட்ராக்டர். ஒரே பெண்ணின் ஒரு நாள் இத்தனை கைகளில் பிரிந்து கிடக்கிறது. முழு நாளுக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. 2025 நவம்பரில் ஓசூர் அருகே ஒரு பெண்கள் விடுதிக் குளியலறையில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் போராடியபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். அதே வருடம் ஜூன் மாதம் ஜி.எஸ்.டி. கவுன்சில், மாதம் 20,000 ரூபாய்க்கு உட்பட்ட, குறைந்தது 90 நாள் தங்கும் விடுதி வாடகைக்கு வரி விலக்கு தந்தது. இந்த இரண்டும் என் பார்வையில் வரிச் சலுகை அறிவிப்புகளைவிடப் பெரிய விஷயங்கள். ஆனால் படுக்கை தனி ஆளுக்குத்தான் இருக்கிறது. கல்யாணம் ஆனவர் குழந்தையோடு எங்கே தங்குவார்? திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஐபோன் அசெம்ப்ளி வேலையில் சேர்ப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டு, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டதே, அதன் வேர் இங்கேயும் இருக்கிறது. ஹாஸ்டல், பஸ், ஷிஃப்ட் எல்லாமே தனியாக இருக்கும் இருபது வயதுப் பெண்ணை அளவெடுத்து அமைக்கப்பட்டவை. கல்யாணம் ஆனதும் அவள் அந்த அளவுக்குள் இருக்க மாட்டாள். அப்புறம் "பெண்கள் இரண்டு வருடத்தில் போய்விடுகிறார்கள்" என்று அவர்கள் மேலேயே குறை சொன்னால் எப்படி? நிரந்தரம் ஆக்குகிற, குழந்தைகள் காப்பகம் வைத்திருக்கிற ஆலையில் முப்பத்தைந்து வயதுப் பெண்கள் லைன் லீடராக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்று இருந்தது. பெண்கள் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கக் கூடாது என்ற பிரிவை, பாதுகாப்பு நிபந்தனைகளோடு, சென்னை உயர் நீதிமன்றம் 2000லேயே நீக்கிவிட்டது. நமது எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பெண்கள் சி ஷிஃப்ட், அதாவது ராத்திரி ஷிஃப்ட், பார்ப்பதற்கு வழிவிட்டது அந்தத் தீர்ப்பு. ஆக, ராத்திரி வேலைக்குத் தடை என்ற வாதம் இங்கே எடுபடாது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்ததால் சில நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. கர்நாடகம் அதே வருடம் அப்படிப்பட்ட திருத்தத்தை நிறைவேற்றியது. பிறகு என்ன ஆயிற்று? 12 மணி நேரம் இல்லாத தமிழ்நாட்டிலிருந்துதான் ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது. முதலீடு வருவதைத் தீர்மானிப்பது துறைமுகம், மின்சாரம், நிலம், படித்த பெண்கள் என்று பல விஷயம். வேலை நேரத்தை நீட்டுவது அந்தப் பட்டியலில் ரொம்பக் கீழே.

சாம்சங் போராட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். சுங்குவார்சத்திரம் ஆலையில் 2024 செப்டம்பர் 9ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்யும் ஆலை. சுமார் 1,800 பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். சம்பளக் கோரிக்கையோடு, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே அடிப்படைக் கேள்வி. சங்கத்தைப் பதிவு செய்துகொள்வது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் தந்த உரிமை. அப்படியும் பதிவுக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். அந்த மே மாதம் ஊதிய ஒப்பந்தமும் ஆனது. பேச ஆள் இருந்ததால் ஒப்பந்தம் வந்தது. விஸ்ட்ரானிலும் 2021ல் நெடுஞ்சாலையிலும் நடந்தது அதற்கு நேர்மாறு: பேச ஆள் இல்லாததால் முதல் பேச்சே ரோட்டில் நடந்தது. சங்கம் இருந்தால் முதலீடு ஓடிவிடும் என்று பயப்படும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

முதலீடு ஓடிப் போனதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்குச் சங்கம் காரணமாக இருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை ஒரு காலத்தில் 8,000 பேருக்கு வேலை தந்தது. 2013ல் வருமான வரித் துறை 2,000 கோடிக்கு மேல் கேட்டது. மாநில அரசு விற்பனை வரியாக 2,400 கோடி கேட்டது. வழக்கில் ஆலை முடக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கியபோது இந்த ஆலையை விட்டுவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1ல் கதவு மூடப்பட்டது. வருமான வரித் தகராறு 2018ல் இந்தியா, ஃபின்லாந்து அரசுகள் பேசியதில் தீர்ந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வுப் பணத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வரி கேட்டது சரியா தவறா என்பது வேறு விவாதம். தகராறு தீரும்வரை ஆலையை ஓடவிட ஒரு ஏற்பாடு செய்யத் தெரியாமல் போனதுதான் என்னால் இன்றும் ஏற்க முடியாதது.

புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 300 பேருக்குக் குறைவான ஆலை ஆட்குறைப்புக்கு அரசிடம் அனுமதி கேட்க வேண்டாம். முன்பு அந்த எண் 100. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக ஆள் எடுக்கலாம். அவருக்கு நிரந்தரத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், சலுகை, ஒரு வருடத்திலேயே பணிக்கொடை. காண்ட்ராக்டர் வழி வருவதைவிட இந்தக் கடைசி ஏற்பாடு மேல் என்பதே என் கருத்து. ஆனால் ஒப்பந்தத்தை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. ஆறு மாதத்தில் முடியும் ஒப்பந்தத்தில் இருப்பவர் சாப்பாடு சரியில்லை என்று வாய் திறப்பாரா?

என் யோசனை சின்னது, ஆனால் செய்யக்கூடியது. பெரும்பாலான தொழிலாளிகளுக்கு பி.எஃப். எண் இருக்கிறது. மாதா மாதம் கம்பெனியும் காண்ட்ராக்டரும் ஆள் வாரியாகப் பணம் கட்டிக் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். ஒரே எண் ஒரே ஆலையில் 12 மாதம் தொடர்ந்து இருந்ததா என்பது அரசின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. 2025ல் மத்திய அரசு கொண்டுவந்த வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம் இந்த வழியில்தான் போகிறது: ஆறு மாதமாவது நீடிக்கும் ஒவ்வொரு புது வேலைக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை, உற்பத்தித் துறைக்கு நான்கு வருடம். அதே 2025ல் வந்த 22,919 கோடி ரூபாய் உதிரிபாக உற்பத்தித் திட்டத்திலும் ஊக்கத்தொகையின் ஒரு பகுதி வேலைவாய்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது; தமிழ்நாடு அதற்கு இணையாகத் தன் பங்கையும் தருகிறது. மாநிலம் தன் பங்கைத் தரும்போது ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: தலை எண்ணிக்கையோடு, 12 மாதம் நின்றவர்கள் எத்தனை பேர், அதில் நேரடி வேலை எத்தனை என்று பார்த்துப் பணத்தைக் கூட்டட்டும், குறைக்கட்டும். விடுதிக்கு உரிமம் இல்லாவிட்டால் அந்தத் தவணை நிற்கட்டும். பருவ வேலைக்கு ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லைனில் எவ்வளவு பங்கு பருவம், எவ்வளவு பங்கு வருடம் முழுக்க என்று கம்பெனிக்கே தெரியும். வருடம் முழுக்க ஓடும் பங்கையும் காண்ட்ராக்டில் வைத்திருப்பதற்கு மக்கள் பணம் போகக் கூடாது.

உதிரிபாகத் தொழிலுக்கு இது இன்னும் அவசரம். அசெம்ப்ளியில் ஒரு வாரத்தில் ஆளைப் பழக்கி லைனில் போட்டுவிடலாம்; அச்சு வார்ப்பு, அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூம், சர்க்யூட் போர்டு செய்யும் இடம் எல்லாம் வருடக்கணக்கில் பழகிய கைகளை நம்பியவை. 2025ல் ஃபாக்ஸ்கான் தன் சீனப் பொறியாளர்கள் 300 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தபோது எத்தனை பேர் பதறினார்கள்! அந்த அனுபவம் நம் ஊர் டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகளிடம் சேர வேண்டுமானால் அவர்கள் ஒரே இடத்தில் நாலைந்து வருடமாவது இருக்க வேண்டும்.

கொள்கை மாறும்வரை வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பி.எஃப். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை போனிலேயே திறந்து பாருங்கள். அதில் யார் பெயர் முதலாளியாக இருக்கிறது, பெயர் நடுவில் மாறியிருக்கிறதா, சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 480 நாள் கணக்கைக் கேட்க வேண்டிய நாளில் உங்கள் பக்கம் பேச அது ஒரு நல்ல ஆதாரம்.